பார்மா, லேப், ஆஸ்பத்திரிக்கு சஸ்டெயினபிலிட்டி கன்சல்டன்ட் ஆகணுமா? மதுரைல இருந்தே எப்படி ஆரம்பிக்கிறதுன்னு சொல்றேன்

மாசத்துக்கு ரெண்டு பேராச்சும் மெசேஜ் போடுறாங்க, அண்ணே நான் பயோடெக் முடிச்சிருக்கேன், பி.பார்ம் முடிச்சிருக்கேன், ஒரு கம்பெனியால எவ்வளவு கார்பன் புகை வருது, அத எப்படி குறைக்கிறதுன்னு சொல்ற இந்த கார்பன் கணக்கு வேலைக்கு எப்படி வர்றதுன்னு. ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் ஒரேடியா எழுதிப்புட்டேன்.

மொதல்ல நான் வாங்குன அடிய சொல்லிடுறேன், இந்த வேலை என்னன்னு அதுலயே புரிஞ்சிரும். விருதுநகர் போற ரோட்டுல ஒரு சின்ன மாத்திரை கம்பெனி, பேரு வேணாம். ராத்திரி ஷிஃப்டே கிடையாது, ஆனா கிளீன் ரூமுக்கு (தூசி இல்லாம வச்சிருக்குற ரூம்) காத்து தள்ளுற ஏஹெச்யூ மெஷின் விடிய விடிய முழு வேகத்துல ஓடிக்கிட்டு இருக்கு. ஃபேன் வேகத்த 20 சதவீதம் குறைச்சா கரண்ட் கிட்டத்தட்ட பாதி மிச்சம், ஏன்னா பவர் வேகத்தோட மூணாவது படில மாறும், 0.8-ஐ மூணு தடவ பெருக்கிப் பாருங்க 0.51 தான் வரும். இத நான் 40 பக்கம் கலர் ரிப்போர்ட்டா போட்டு நேரா ஓனர் கைல குடுத்துட்டேன். அவரும் சந்தோசமா கியூஏ, அதாவது மருந்தோட தரத்துக்கு பொறுப்பான மேனேஜர கூப்பிட்டாரு. அந்த மேடம் ரெண்டு பக்கம் புரட்டிட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க, "ராத்திரி ரூம் பிரஷர் விழுந்துச்சுன்னா காலைல பேட்ச்ச யாரு சார் ரிலீஸ் பண்றது, நீங்க கையெழுத்து போடுவீங்களா?" அவ்வளவுதான், ரிப்போர்ட் பீரோவுக்குள்ள போயிருச்சு.

மில்லு, பவுண்ட்ரி மாதிரி கிடையாது இது. அங்க ஓனர் சரின்னா நாளைக்கே மோட்டார மாத்திரலாம். இங்க ஜிஎம்பின்னு மருந்து தயாரிப்பு தர விதிகள் இருக்கு, அத நம்ம நாட்டு சட்டமா சொல்ற, 2023 கடைசில திருத்தின ஷெட்யூல் எம் இருக்கு, ஒரு சுவிட்ச்ச மாத்தணும்னாலும் சேஞ்ச் கன்ட்ரோல்னு மாற்றத்துக்கு அனுமதி கேக்குற ஃபார்ம் போட்டு ரிஸ்க் அசெஸ்மென்ட் பண்ணி கியூஏ ஒத்துக்கணும். அதனால மொத டீ ஓனர் கூட குடிக்காதீங்க, கியூஏ ஆளு கூட குடிங்க. அவங்க பயம் என்னன்னு கேட்டுட்டு அந்த பயத்துக்கு பதில் சொல்ற மாதிரி உங்க யோசனைய எழுதுங்க. வேகத்த குறைச்சு வச்ச நேரத்துல ரூம்களுக்கு நடுவுல பிரஷர் வித்தியாசம் எவ்வளவு நிக்குது, பார்ட்டிகிள் கவுண்ட் (காத்துல இருக்குற தூசி எண்ணிக்கை) எவ்வளவு, காலைல திரும்ப முழு வேகத்துக்கு வந்தா எத்தன நிமிசத்துல ரூம் பழைய சுத்த அளவுக்கு வருது, இந்த மூணையும் ட்ரையல் எடுத்து டேட்டாவா வச்சுட்டு, சேஞ்ச் கன்ட்ரோல் டிராஃப்ட்டையும் நீங்களே அடிச்சு குடுத்துட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது. நான் அடுத்த இடத்துல அப்படித்தான் பண்ணேன், ரிப்போர்ட் மொத்தமே ஆறு பக்கம்.

சரி, எதுல கைய வைக்கிறது. நேரா நாம எரிக்கிறது ஸ்கோப் 1, வாங்குற கரண்ட் ஸ்கோப் 2, சப்ளையர் மாதிரி மத்ததெல்லாம் ஸ்கோப் 3ன்னு, ஜிஹெச்ஜி புரோட்டோகால்ங்கற கார்பன் கணக்கு விதிமுறை சொல்றத எல்லாம் நெட்டுல ஃப்ரீயாவே படிக்கலாம், ஆனா அத படிச்சுட்டு கிளையன்ட் முன்னாடி போய் கிளாஸ் எடுக்காதீங்க. 12 மாச ஈபி பில்லு, ஜெனரேட்டர் டீசல் லாக் புக்கு, ஏசி மெக்கானிக் கேஸ் அடிச்ச பில்லு, பாய்லருக்கு வாங்குன விறகு இல்லைன்னா பிரிக்கெட் (விவசாயக் கழிவ அழுத்தி செஞ்ச கட்டி) கணக்கு, இத கேட்டு வாங்குங்க. நம்ம நாட்டு கிரிட் கரண்டுக்கு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ சிஓ2, டீசல் லிட்டருக்கு சுமார் 2.7 கிலோ, பெருக்கிக்கிட்டே வந்தா முக்காவாசி முடிஞ்சிரும். மத்திய மின்சார ஆணையம் கிரிட் நம்பர வருசா வருசம் வெளியிடுது, எந்த வருசத்து நம்பர்னு மறக்காம எழுதி வைங்க, ஆடிட்டர் மொதல்ல அதத்தான் கேப்பாரு.

எல்லாரும் கோட்டை விடுறது ஏசி கேஸ்ல தான். கோல்டு ரூம்ல இருக்குற ஆர்-404ஏங்கற குளிரூட்டுற கேஸ் ஒரு கிலோ லீக் ஆனா அது கிட்டத்தட்ட 3,900 கிலோ சிஓ2-க்கு சமம், அதாவது 1,450 லிட்டர் டீசல் எரிச்ச கணக்கு. வருசத்துக்கு ரெண்டு தடவ கேஸ் டாப்-அப் பண்றாங்க, ஏன் குறையுதுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நீங்க கேளுங்க. லீக்க அடைக்கிறதுக்கு பெரும்பாலும் எந்த வேலிடேஷனும் (சரியா வேலை செய்யுதுன்னு சோதிச்சு நிரூபிக்கிறது) வேணாம், மெயின்டனன்ஸ் ஆளே முடிச்சிருவாரு, மொத வெற்றி உங்களுக்கு இங்கதான் கிடைக்கும்.

காலேஜ் லேப், ரிசர்ச் லேப்னா சாம்பிள் வைக்கிற மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர பாருங்க. பழைய பெட்டி ஒண்ணு நாளைக்கு 20 யூனிட் இழுக்குதுன்னு வச்சுக்கோங்க, வருசத்துக்கு 7,300 யூனிட், 5 டன்னுக்கு மேல சிஓ2. மைனஸ் 70-க்கு மாத்தினா சுமார் 30 சதவீதம் குறையும், நெறைய சாம்பிளுக்கு அது போதும்னு உலகத்துல பல லேப்ல மாத்திட்டாங்க. ஆனா உள்ள இருக்குறது யாரோட சாம்பிள்னே தெரியாம பத்து வருசமா கிடக்கும், நம்ம வீட்டு பரண் மாதிரி. கைடு ரிட்டயர் ஆகியிருப்பாரு, ஸ்டூடன்ட் அமெரிக்கால இருப்பான். மொத லிஸ்ட் எடுங்க, வேணாங்கறத கழிங்க, ஐஸ சொரண்டுங்க, அப்புறமா டெம்பரேச்சர் பேச்சு.

ஆஸ்பத்திரி பக்கம் போறவங்களுக்கு உதாரணம் தேடி வெளிநாட்டுக்கு போக வேணாம், நம்ம மதுரை அண்ணாநகர் வரைக்கும் போனா போதும். அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1976-ல ஆரம்பிச்சது. அங்க ஒரு ஃபேகோ கேட்டராக்ட் ஆபரேஷனுக்கு (கண்புரைய அல்ட்ராசவுண்டால கரைச்சு எடுக்குறது) ஆகுற கார்பன் சுமார் 6 கிலோன்னும், பிரிட்டன்ல அதே ஆபரேஷனுக்கு போட்ட கணக்கோட வச்சுப் பாத்தா அது வெறும் 5 சதவீதம் தான்னும் 2017-ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஒரு கேஸுக்கு குப்பை கால் கிலோ அளவுதான். எப்படின்னா, ஒரே தியேட்டர்ல ரெண்டு பெட் போட்டு வேலை தடையில்லாம ஓடுறது, கருவிய சீக்கிரம் முடியுற ஆட்டோகிளேவ்ல (நீராவில கிருமி நீக்குற மெஷின்) போட்டு திரும்ப திரும்ப எடுக்குறது, சொட்டு மருந்து பாட்டில ஒரே ஆளுக்கு போட்டு தூக்கி எறியாம பல பேருக்கு பயன்படுத்துறது, இது மாதிரி விஷயங்கள். ரிசல்ட்டும் நல்லா இருக்கு. அந்த பேப்பர ஒரு தடவ முழுசா படிச்சிருங்க, எந்த கோர்ஸ விடவும் அது மேல். ஆனா அங்க பண்றாங்கன்னு சொல்லி வேற ஆஸ்பத்திரில போய் ஒரு தடவ யூஸ் பண்ற ஐட்டத்த திருப்பி யூஸ் பண்ணுங்கன்னு வாய் விட்றாதீங்க, அத முடிவு பண்ண வேண்டியது இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் கமிட்டி. மயக்க மருந்து கேஸ் பத்தி தாராளமா பேசலாம், டெஸ்ஃப்ளூரேன் சிஓ2-வ விட சுமார் 2,500 மடங்கு சூடேத்தும், செவோஃப்ளூரேன் 130 மடங்கு, டாக்டர்களே டெஸ்ஃப்ளூரேன கை விட்டுட்டு வர்றாங்க.

குப்பைல 2016 பயோமெடிக்கல் வேஸ்ட் ரூல்ஸ் தலைகீழா தெரிஞ்சிருக்கணும், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம்னு கலர் வாரியா பிரிக்கணும், 48 மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாது. நடைமுறைல என்னன்னா டீ கப்பு, பிரியாணி பொட்டலம் எல்லாம் மஞ்ச பையில விழுந்து, எரிக்கிறதுக்கு கிலோ கணக்குல காசு கட்டிக்கிட்டு இருப்பாங்க. ஒரு நாள் ஹவுஸ்கீப்பிங் அக்காங்க கூடவே நின்னு பாருங்க, எந்த வார்டுல எந்த பை தப்பா இருக்குன்னு அவங்களுக்கு அத்துப்படி, யாரும் அவங்கள கேக்குறது தான் இல்ல.

மருந்து மூலப்பொருள் பண்ற யூனிட்னா கதை வேற, அங்க சால்வென்ட் (மருந்த கரைச்சு எடுக்குற திரவம்) தான் எல்லாம். ஒரு கிலோ மருந்துக்கு 25-ல இருந்து 100 கிலோவுக்கு மேலயும் கழிவு வரும்னு ரோஜர் ஷெல்டன் 1992-லயே இ-ஃபேக்டர்னு கணக்கு சொல்லிட்டாரு. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் வெளையுற கண்வலிக்கிழங்கு விதைல இருந்து கோல்ச்சிசின் எடுக்குற மாதிரி யூனிட்டுக்கு போனா, சால்வென்ட் எவ்வளவு உள்ள வருது, எவ்வளவு ரெக்கவர் ஆகுது, மிச்சம் எங்க போகுதுன்னு ஒரு மாஸ் பேலன்ஸ், அதாவது வரவு செலவு கணக்கு போடுங்க. மிச்சம் எங்க போகுதுன்னு கேட்டதும் மூஞ்சி மாறுச்சுன்னா அங்கதான் விஷயம் இருக்கு. கெமிஸ்ட்ரி தெரியலைன்னா ஒரு கெமிக்கல் இன்ஜினியர கூட்டு சேத்துக்கோங்க, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க.

சின்ன கம்பெனிக்காரரு நமக்கு ஏன் காசு குடுக்கணும்? பூமிய காப்பாத்தவா? இல்லங்க. வெளிநாட்டு பையர், சப்ளையருக்கு சுற்றுச்சூழல் மார்க் போடுற ஈகோவாடிஸ் கேள்வித்தாள் அனுப்புறாங்க, பிரிட்டனோட அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் 2045-க்குள்ள சப்ளையர் வரைக்கும் நெட் ஜீரோன்னு சொல்லிருச்சு, இங்க பங்குச் சந்தைய கண்காணிக்கிற செபி டாப் 1000 லிஸ்டட் கம்பெனிகள பிஆர்எஸ்ஆர்ங்கற சஸ்டெயினபிலிட்டி ரிப்போர்ட் எழுத வச்சுருச்சு, அவங்க தன்னோட சப்ளையர்கிட்ட நம்பர் கேக்குறாங்க. அந்த மெயில் வந்து முழிச்சிக்கிட்டு இருக்குற ஆளு தான் உங்க மொத கிளையன்ட். ஆனா கேள்வித்தாளுக்கு பொய் எழுதித் தரச் சொல்லுவாங்க, இல்லாத பாலிசிக்கு போன வருச தேதி போடச் சொல்லுவாங்க, போடாதீங்க. மரக்கன்னு நட்டோம் அதனால கார்பன் நியூட்ரல்னு போர்டு வைக்கச் சொன்னாலும் கும்பிட்டு வெளிய வந்துருங்க.

சர்டிபிகேட் வேணும்னா ஐஎஸ்ஓ 14001 (சுற்றுச்சூழல் மேலாண்மை) லீட் ஆடிட்டர் ஒண்ணு, 14064 (கார்பன் கணக்கு) ஒண்ணு, போதும். எல்சிஏ, அதாவது ஒரு பொருளோட ஆயுசு முழுக்க வர்ற பாதிப்ப கணக்கு போடுறது, அப்புறம் பாத்துக்கலாம். அத விட ரெண்டு வருசம் பிளான்ட்ல கியூஏ-லயோ இஹெச்எஸ்-லயோ (சுற்றுச்சூழல், பாதுகாப்பு பிரிவு) வேலை பாத்துட்டு வந்தா மதிப்பு ஜாஸ்தி, டிரஸ் மாத்துற கவுனிங் ரூமுல எந்தக் கால முதல்ல வைக்கணும்னு தெரியாத கன்சல்டன்ட வாசல்லயே எடை போட்டுருவாங்க.

காசு விஷயம். மிச்சமாகுறதுல பங்குன்னு பேசாதீங்க, சேஞ்ச் கன்ட்ரோல் முடியவே எட்டு மாசம் ஆகும், அப்புறம் மழை பேஞ்சு ஏசி லோடு குறைஞ்சுது அதனாலதான் பில்லு கம்மின்னு சொல்லுவாங்க. ஃபிக்ஸடா பேசுங்க, மூணு தவணை, மொத தவணை பிளான்ட் உள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி. மத்திய அரசோட உத்யம் தளத்துல சின்ன நிறுவனமா பதிஞ்சு வைங்க, எழுத்துல அக்ரிமென்ட் போடுங்க, உத்யம் நம்பர இன்வாய்ஸ்லயும் போடுங்க. 45 நாளுக்குள்ள உங்களுக்கு காசு வராம, அந்த நிதியாண்டும் முடிஞ்சிருச்சுன்னா அத அவங்க அந்த வருச வரிக்கணக்குல செலவா காட்ட முடியாதுன்னு பழைய வருமான வரிச் சட்டத்துல 43பி(ஹெச்)னு ஒரு செக்ஷன் இருந்துச்சு, புது சட்டத்துல அது எந்த நம்பர்னு ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க, மார்ச் மாசம் அவங்க அக்கவுன்டன்ட் தானா போன் பண்ணுவாரு.