பழைய கணினியில் டெபியன்: முதலில் பட்டன் பேட்டரி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர் பக்கத்துப் படிப்பகங்களிலும் டியூஷன் நிலையங்களிலும் இருக்கும் பத்து வயதுக் கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. 4 ஜிபி ரேம் இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரை முகப்போடு டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளம் அவற்றில் தாராளமாக ஓடும். ஆனால் பென்டிரைவைச் செருகுமுன் பெட்டியைத் திறந்து மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரியைப் பாருங்கள்.

மாலையில் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவது நம் ஊர்ப் பழக்கம். நல்ல பழக்கம்தான், விட வேண்டாம். ஆனால் பிளக் சுவரில் இருக்கும்வரை கணினி அணைந்திருந்தாலும் அதன் கடிகாரத்துக்குச் சுவர் மின்சாரம் போகும். பிடுங்கிய பிறகு முழுப் பாரமும் அந்தச் சின்ன பேட்டரிமேல்தான். அதனால் இங்கே அது சீக்கிரம் தீர்ந்துபோகிறது.

பெரும்பாலும் அது சிஆர்2032: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட். மல்டிமீட்டர் 2.7-க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். கூட்டல் குறி மேலே பார்க்க வேண்டும். மடிக்கணினி என்றால் இரண்டு வயரும் சிறு கனெக்டரும் ஒட்டிய பேட்டரி இருக்கலாம்; பழையதைக் கையில் எடுத்துப்போய் அதே மாதிரி வாங்குங்கள். கழற்றுமுன் பயாஸ் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை எடுத்ததும் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போய்விடக்கூடும். ஹார்ட் டிஸ்க் முறை ஏஎச்சிஐ-யிலிருந்து வேறொன்றுக்கு மாறினால், பழைய விண்டோஸ் திறக்காமல் நிற்கும்.

இவ்வளவு பாடு எதற்கு? பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றின் சான்றிதழிலும் 'இந்த நாள் முதல், இந்த நாள் வரை' என்று எழுதியிருக்கும். கணினியின் தேதி அதற்கு வெளியே இருந்தால் பிரவுசர் கதவைச் சாத்திவிடும். லைன் போய்விட்டது என்று நாம் ரௌட்டரைத் தட்டிக்கொண்டிருப்போம். சான்றிதழின் ஆயுளும் சுருங்கிக்கொண்டே வருகிறது: 398 நாளாக இருந்த உச்சவரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள்.

டெபியனில் இந்தக் கோளாறு இன்னும் நைசாக ஒளிந்துகொள்ளும். விண்டோஸில் பேட்டரி செத்தால் தேதி 2009, 2012 என்று எங்கோ போய்விடும், பார்த்ததுமே தெரியும். டெபியனோ கடைசியாகத் தெரிந்த நேரத்தைக் கோப்பில் குறித்து வைத்திருக்கும். மறுபடி திறக்கும்போது அதற்கு முந்தைய நேரத்துக்குப் போகாது. வெள்ளி இரவு அணைத்த கணினியைத் திங்கள் காலை திறந்தால் இன்னமும் வெள்ளி இரவு என்றே சொல்லும். பெரும்பாலான தளங்கள் திறக்கும், நேற்று சான்றிதழ் புதுப்பித்த தளம் மட்டும் திறக்காது. மென்பொருள் புதுப்பிப்பும் 'ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று முறைக்கும். அந்த வரியைக் கண்டால் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள்.

இனி நிறுவல். 2025 ஆகஸ்ட் 9-இல் வந்த டெபியன் 13-க்கு 64-பிட் பிராசசர் வேண்டும். 32-பிட் பெட்டிக்கு நிறுவி உள்ள கடைசிப் பதிப்பு 12. லைன் மெதுவான இடத்தில் 'நெட்இன்ஸ்ட்' படிமத்தை (சிறிய நிறுவல் கோப்பை) எடுக்காதீர்கள். முகப்பு முழுவதையும் நிறுவும்போது இறக்கி உயிரை வாங்கும். நல்ல லைன் உள்ள இடத்தில் முதல் டிவிடி படிமத்தை இறக்கி 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு எழுதுங்கள். கேட்டால் 'டிடி' முறையைத் தேர்ந்தெடுங்கள். கோப்பை அப்படியே காப்பி பண்ணினால் பூட் ஆகாது.

தமிழில் நிறுவ வேண்டுமானால் கிராஃபிக்கல் நிறுவியைத் திறங்கள். படமின்றி எழுத்து மட்டும் காட்டும் நிறுவியில் தமிழ் இல்லை. மொழியைத் தமிழ் என்றதும் நாட்டுப் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும்தான் முன்னால் நிற்கும். 'பரவாயில்லை' என்று இந்தியாவைத் தொட்டால் நேர மண்டலம் கொல்கத்தா ஆகி, கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்தங்கும். மற்றவை, ஆசியா, மலேசியா என்று போங்கள். அடுத்து எந்த லொக்கேல் (மொழி, தேதி, எண் வடிவ அமைப்பு) என்று கேட்கும். மலேசியத் தமிழுக்குத் தனி லொக்கேல் கிடையாது, அங்கே மட்டும் இந்தியத் தமிழைக் கொடுக்கலாம்.

விண்டோஸையும் வைத்துக்கொள்கிறீர்களா? பயாஸ் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கும், டெபியன் உலக நேரமாக (யூடிசி; மலேசிய நேரத்துக்கு 8 மணி நேரம் பின்னால்) படிக்கும். பிற்பகல் 3 மணி டெபியனில் இரவு 11 ஆகும். டெபியன் அதைத் திருத்தி எழுதியபின் விண்டோஸ் காலை 7 என்னும். சரியாக 8 மணி நேரப் பிசகு என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். கடிகாரம் உலக நேரத்தில் உள்ளதா என்று நிறுவி கேட்கும்போது 'இல்லை' என்று சொன்னால் போதும். கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் என்று மாற்றும் நாடுகளில் இதில் வம்பு உண்டு, நமக்கு இல்லை. டெபியன் மட்டும் என்றால், அந்தக் கேள்வி வந்தால் 'ஆம்' சொல்லுங்கள். பிறகு பயாஸில் 8 மணி நேரம் பின்னால் தெரிவதுதான் சரி. யாரும் அதைத் 'திருத்தி' வைக்காமல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்.

நிறுவியபின் நேரத்தை டெபியனே என்டிபி (இணையத்திலிருந்து நேரம் வாங்கும் முறை) வழியாகச் சரிசெய்துகொள்ளும். டேவிட் மில்ஸ் 1985-இல் வரையறுத்த நெறிமுறை அது, யூடிபி 123-ஆம் துறையில் (போர்ட்) பேசும். சில அலுவலக, பள்ளி நெட்வொர்க்குகள் அந்தத் துறையை அடைத்துவைத்திருக்கும். தேதி நகரவே இல்லையென்றால் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஐந்து நிமிடம் இணைத்துப் பாருங்கள். அங்கே நேரம் சரியானால் துறை அடைபட்டிருக்கிறது என்று பெரும்பாலும் முடிவுகட்டலாம்.

கடைசிச் சோதனை: பிளக்கைப் பிடுங்கி ஓர் இரவு விடுங்கள். காலையில் நெட்வொர்க் வயரைச் செருகாமல் பயாஸுக்குள் போய் மணியைப் பாருங்கள்.