விளம்பித ஏக்தாளில் என் கை அடங்கிய விதம்

புனேயில் தபலா கற்ற நான்காம் ஆண்டில், ஒரு வீட்டுக் கச்சேரியில், கயால் என்னும் இந்துஸ்தானி இசைவகை பாடும் பாடகி ஒருவருக்கு வாசித்தேன். விளம்பித ஏக்தாளம், அதாவது மெதுவான நடையில் ஏக்தாளம். 12 மாத்திரைதான் (தாள எண்ணிக்கை), ஆனால் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓடியது. இடைவெளி கண்ட இடமெல்லாம் தபலாச் சொற்களைப் போட்டு நிரப்பினேன். அவர் முகடாவை (சுற்றின் தொடக்கத்துக்கு இட்டுச்செல்லும் பல்லவித் துண்டை) எடுக்க இடம் தெரியாமல் இரண்டு முறை தடுமாறினார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

பதிவைக் கேட்டபோது புரிந்தது. மிருதங்கம் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. அங்கே, கர்நாடக இசையில், பாடகரே கையில் தாளம் போடுவார். மிருதங்கம் பாட்டோடு ஓடலாம். இங்கே, இந்துஸ்தானியில், தாளத்தைத் தாங்குவதே தபலாதான். 4, 10 ஆம் மாத்திரைகளில் வரும் ‘திரகிட’ என்ற சொல் பாடுபவருக்கு மைல்கல் மாதிரி. அதை நான் எங்கும் இறைத்து, அடையாளமே இல்லாமல் செய்திருந்தேன்.

மூன்று மாதம் வெறும் டேக்கா, அதாவது தாளத்தின் அடிப்படைச் சொற்கோவை, மட்டுமே வாசித்தேன். ஒரு மாத்திரையை நான்காக்கி, 48 எண்ணிக்கையாக, ‘தின் தின் தாகே திரகிட தூ நா கத் தா தாகே திரகிட தின் நா’ என்று முதலில் வாயால் சொல்லி, பிறகு கையால். இதுதான் மிகக் கடினம். ஓட்டத்தை அடக்குவது விரலுக்கு வலிக்கும். முகடா எந்த மாத்திரையில் எழும் என்று இப்போது முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த முறை அதே பாடகி. முதல் சமத்தில் (சுற்று தொடங்கும் மாத்திரையில்) இருவரும் ஒன்றாக வந்து விழுந்தோம். அவர் கண்ணை மூடியபடியே தலையசைத்தார்.