பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்த்த பிறகு நாம் செய்யும் தவறுகள்

முதல் தவறு, நாம் பார்க்கப் போகும் நேரம். இதை நானே 8 மாதம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், கிளம்பும் முன்பு "வந்துட்டிருக்கேன்" என்று ஒரு போன். அந்த நேரத்தில் எந்த முதியோர் இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். குளிப்பாட்டி, தலை வாரி, பவுடர் போட்டு நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள், அம்மாவும் "எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார், நானும் நிம்மதியாக வீடு திரும்புவேன். ஒரு புதன்கிழமை மேலூரில் வேலையை முடித்துவிட்டு வரும் வழியில், சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் 6.30 மணிக்கு உள்ளே போனேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மல்லாக்கப் படுக்க வைத்தவர் அப்படியே கிடந்தார். சாக்ஸைக் கழற்றினால் குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கருத்துப் போயிருந்தது. அது ஆற 3 மாதம் ஆனது.

அதனால் சாயங்காலம் போங்கள். ராத்திரி ஆட்கள் வேலைக்கு மாறும் நேரத்தில் போங்கள். தீபாவளி, பொங்கல், அழகர் ஆற்றில் இறங்கும் நாள், இப்படி ஊரே லீவு போடும் நாட்களில் ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள், பாதி ஆட்கள் இல்லாதபோது படுக்கையில் இருப்பவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

படுக்கைப்புண் விஷயத்தில் நம் எல்லோருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு, ஏர் பெட் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்று. போதாது. தானாகப் புரள முடியாதவரை சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தே ஆக வேண்டும், ஏர் பெட் அதற்குத் துணைதான். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி, இந்த மூன்றையும் ஒவ்வொரு தடவையும் நீங்களே பாருங்கள். "சிவந்திருக்கிறதா பாருங்கள்" என்று சொல்வார்கள், ஆனால் நம் மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருப்பாகவோ, தொட்டால் சூடாகவோ, கெட்டியாகவோ இருந்தால் அதுதான் தொடக்கம். அந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், உள்ளே சதை இன்னும் நசுங்கும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் தூக்கி வைத்தாலே குதிகாலில் பெரும்பாலும் புண் வராது.

அடுத்தது தண்ணீர். உண்மையில் இது பாத்ரூம் விஷயம். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் எங்கள் மதுரை. ஜாடி நிறையத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும், அம்மா குடிக்க மாட்டார். வயதானால் தாகம் குறையும் என்று சொல்லி விட்டுவிட்டேன். அது உண்மைதான், ஆனால் முழுக் காரணம் அதுவல்ல. குடித்தால் போக வேண்டும், போக வேண்டுமென்றால் ஆளைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் அரை மணி நேரம் கழித்து வருவார்கள், அதற்குள் துணியில் போய்விட்டால் அவமானம். அதனால் சாயங்காலம் 4 மணிக்கு மேல் வாயில் ஒரு சொட்டு தண்ணீர் விடாமல் இருந்திருக்கிறார். ஆகவே "தண்ணி குடிக்கிறாங்களா" என்று கேட்காதீர்கள், "பெல் அடித்தால் எவ்வளவு நேரத்தில் வருவீர்கள்" என்று கேளுங்கள், அடித்தும் பாருங்கள். நடக்க முடிகிறவருக்கு வேலைச் சுருக்கத்துக்காக டயப்பர் கட்டுகிறார்களா என்றும் கவனியுங்கள், பாத்ரூமுக்கு நடக்கும் அந்த நாலு அடிதான் பலருக்கு நாள் முழுவதற்குமான நடை, அதை நிறுத்தினால் கால் சீக்கிரம் விழுந்துவிடும்.

நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால், ஆளை அடையாளம் தெரியாமல் முழித்தால், "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவது பெரிய தவறு. ஓரிரு நாளில் வரும் குழப்பத்துக்குப் பின்னால் பெரும்பாலும் உடம்பில் ஏதோ ஒரு காரணம் இருக்கும்: நீர்ச்சத்துக் குறைவு, சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் என்ற உப்புக் குறைவு, புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை. அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டில் ருசியைப் பார்க்கும் நாம் நேரத்தைப் பார்ப்பதில்லை. சில இடங்களில் சாயங்காலம் 6.30 மணிக்கே இட்லி கொடுத்து முடித்துவிடுவார்கள், அடுத்த சாப்பாடு மறுநாள் காலை 8.30 மணிக்கு, நடுவில் 14 மணி நேரம். இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிக்கு இது ஆபத்து, ராத்திரியில் சர்க்கரை இறங்கிவிடலாம். படுத்த நிலையில் ஊட்டுவதும் கூடாது, உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டி, அப்புறமும் அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைத்தால், சாப்பிடுகிறாரா இல்லையா என்று யாரையும் கேட்கவே தேவையில்லை.

சேர்ப்பதற்கு முன்பு கேட்க மறக்கும் கேள்வி ஒன்று: படுத்த படுக்கையாகிவிட்டால் வைத்துக்கொள்வீர்களா? நடமாட்டம் இருக்கும்வரைதான் என்று நிபந்தனை வைக்கும் இல்லங்கள் உண்டு, அது தெரியாமல் அட்வான்ஸ் கட்டிவிட்டுப் பிறகு தவிப்பார்கள். ராத்திரியில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள், நடு இரவில் மூச்சுத் திணறினால் பெரியாஸ்பத்திரிக்கு யார் கூட்டிக்கொண்டு போவார்கள், இதையும் கேளுங்கள்.

குறை கண்டதும் ஆயாம்மாவிடம் கத்துவதை நானும் செய்திருக்கிறேன். அந்த அக்கா தனியாக 12 பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆள் போடாதது நிர்வாகம். தேதி போட்டு, போட்டோவோடு நிர்வாகிக்கு எழுதுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட சமூக நல அலுவலகம் இருக்கிறது, முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை எடுப்பார்கள்.

கடைசியாக ஒன்று, உடம்பை மட்டும் பார்த்துக்கொண்டு பொழுதை மறந்துவிடுகிறோம். எங்கள் அம்மா 50 வருடம் தினமும் பூ கட்டியவர், இல்லத்தில் டிவி முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தார். இப்போது வாழைப்பழத்துக்குப் பதிலாக மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கால் கிலோ உதிரி மல்லியும் வாழை நாரும் வாங்கிப் போகிறேன். பக்கவாதத்தில் இடது கை அவ்வளவாக வராது. பக்கத்துக் கட்டில் பாட்டி நாரைப் பிடித்துக்கொள்ள, அம்மா முடிச்சுப் போடுகிறார், ஒரு முழம் கட்ட ஒரு மணி நேரம் ஆகிறது. கட்டியதைக் கிள்ளி அந்த அக்காவுக்கும் கொடுத்துவிடுகிறார்.