பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்தவர்களுக்கு

கோவை ரேஸ்கோர்ஸின் இரண்டரை கிலோமீட்டர் சுற்றில் போன வாரம் ஒரு தம்பியைப் பார்த்தேன். ஷூவில் கடைப் பளபளப்பு இன்னும் போகவில்லை. எங்களைத் தாண்டிச் சீறிக்கொண்டு போனவர், பத்தே நிமிஷத்தில் இளநீர் வண்டியைப் பிடித்தபடி குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சேலையும் கேன்வாஸ் ஷூவுமாக ஒரு அம்மா, மருமகள் கதையைப் பேசிக்கொண்டே அவரைக் கடந்து போனார். 36 வயதில் இதே பாதையில் நான் நின்ற கோலமும் அதுதான்.

தண்ணீர் குடியுங்கள், சீக்கிரம் தூங்குங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். பள்ளியில் ஓடாமல் இருந்துவிட்டு இப்போது ஓடத் தொடங்கும் நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஓட்டம் என்றால் 100 மீட்டர் என்று நினைப்பது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. பள்ளியில் ஓடாத நமக்குத் தெரிந்த ஒரே ஓட்டம் ஸ்போர்ட்ஸ் டே ஓட்டம். விசில் அடித்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு பாய்வது. நாம் கடைசியாக வந்து மற்றவர்கள் சிரித்ததும் அதில்தான். இருபது வருஷம் கழித்து ஷூ மாட்டினாலும் கால் அந்த வேகத்தையே தேடும். மெதுவாக ஓடினால் யாராவது சிரிப்பார்களோ என்ற கூச்சம் வேறு. (யாரும் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் அவரவர் வாட்ச் மேல்.)

நான் அப்படி ஒரு மாதம் தினமும் ஓடினேன். மூச்சு சீக்கிரமே பழகிவிட்டது, அதுதான் வினை. இதயமும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்புக்கும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். வலது கணைக்காலின் உட்பக்கம் வலித்தது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள், ஓடினேன். நீளவாக்கில் பரவியிருந்த வலி, ஒரே விரலால் தொட்டுக் காட்டும் புள்ளியாகக் குறுகியது. எலும்பில் மெல்லிய விரிசல். உங்களுக்கு அப்படி ஒரே இடத்தில் குத்தினால், அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எனக்கு மூன்று மாதம் போனது. "உனக்கு எதுக்குக் கண்ணு இதெல்லாம்?" என்று அம்மா கேட்டதற்குப் பதிலும் இல்லை.

திரும்ப வந்தபோது 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை என்று மாறி மாறி, வாரம் மூன்று நாள். ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996-இல் தன் அம்மாவை மனதில் வைத்து உருவாக்கிய ஒன்பது வாரத் திட்டம் இப்படித்தான் தொடங்குகிறது. ஓடும்போது முழு வாக்கியம் பேச வர வேண்டும். வரவில்லையா, வேகம் அதிகம்.

தினமும் எடை பார்ப்பது

வேண்டாம்.

முதல் மாதமே மாரத்தானுக்குப் பணம் கட்டுவது

டி-ஷர்ட்தான் வேண்டுமென்றால் கடையில் கிடைக்கும்.

ஓடினால் மட்டும் போதும் என்பது

வாரம் 150 நிமிஷ மிதமான பயிற்சியோடு, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டவும் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதில் தொடங்கலாம். சுவரில் கை வைத்து எடுத்தாலும் தண்டால் தண்டால்தான்.

பழைய ஆட்டக்காரரோடு போட்டி

என்னோடு சேர்ந்து தொடங்கிய நண்பர் கல்லூரியில் கபடி ஆடியவர். பத்து வருஷம் சும்மா இருந்தும் அவர் உடம்பு எதையும் மறக்கவில்லை. நாலாவது வாரம் நிற்காமல் ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டார். காலில் விரிசல் விட்ட கதையையும் சேர்த்து எனக்கு ஏழு மாதம் ஆனது.