காலைத் தூக்கினேன், தையல் சரியானது

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனி, ஞாயிறு. கேக், மகளுக்குப் பாவாடை, வாசலில் ஸ்டார் என்று மூன்று வேலைகளையும் அந்த இரண்டு நாளில் அடைத்து வைத்தேன். என் புத்தி அப்படி!

கேக்கில் பெரிய சிக்கல் இல்லை. 180 டிகிரியில் 40 நிமிடத்திலேயே மேல்புறம் கறுக்கத் தொடங்கியது. குத்திப் பார்த்த குச்சியில் ஈரமாவு ஒட்டியது. சூட்டை 160க்குக் குறைத்து, அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே போட்டேன். அரை மணி நேரத்தில் வெந்துவிட்டது.

படுத்தி எடுத்தது தையல் மிஷின்தான். மேலே தையல் ஒழுங்கு. துணியைத் திருப்பினால் அடியில் தேங்காய் நார் மாதிரி நூல் கொத்து. அடியில் சிக்குவதால், அடிநூல் சுற்றியிருக்கும் பாபின்மேல்தான் சந்தேகம். கழற்றித் துடைத்தேன், மறுபடி நூல் சுற்றினேன், ஊசியையும் மாற்றினேன். ம்ஹூம்.

அம்மா எட்டிப் பார்த்து, "நூல் கோக்கும்போது காலைத் தூக்கினியாடி?" என்றார். துணியை அழுத்திப் பிடிக்கும் காலைத்தான் சொன்னார். அது இறங்கியிருந்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுக மூடியிருக்கும். மேல்நூல் நடுவில் போய் உட்காராது. பிடிப்பில்லாத அந்த நூல்தான் கீழே குவிகிறது. பார்த்தால் உண்மைதான்: பாபினில் வெள்ளை, சிக்கியதெல்லாம் மேலே போட்ட சிவப்பு!

சரி என்று காலைத் தூக்கி, முதலிலிருந்து கோர்த்து, வேஸ்ட் துணியில் ஓட்டினேன். சுத்தமான தையல். அப்புறம் பழைய தையலைப் பிரித்தது தனிக்கதை.

ஸ்டார் ஞாயிறு இரவு 10 மணிக்குத்தான் ஏறியது. கொஞ்சம் சாய்ந்து தொங்குகிறது. இருக்கட்டும்.