பழைய போர்க்கப்பலின் பணி வரலாறு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்டோரியா காலத்துப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைப் பற்றி எழுத வரும் இளைஞர்களின் கட்டுரைகள் அவ்வப்போது என் பார்வைக்கு வரும். தொடக்கத்தில் நான் சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, ஆண்டுப்பிழை எல்லாம் இரண்டாம் வாசிப்பில் அகப்பட்டுவிடும். அகப்படாமல் அச்சுக்குப் போய்விடும் தவறுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உதாரணமாகக் காண்டர் என்ற கன்வெசலையே எடுத்துக்கொள்கிறேன். இரும்புச் சட்டத்தில் மரப்பலகை அடித்துக் கட்டிய, பாய்மரமும் நீராவி இயந்திரமும் கொண்ட, 774 டன் எடையுள்ள சிறிய கப்பல் அது.

ஒரே பெயர், ஒரே கப்பல் என்று நம்புவது

இந்தத் தவறைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. 1882 ஜூலை 11 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியாக் கோட்டைகளைப் பிரிட்டிஷ் கடற்படை தாக்கியபோது, காண்டரின் தலைவராக இருந்தவர் கமாண்டர் லார்ட் சார்லஸ் பெரஸ்ஃபோர்டு. முதலில் தரைதட்டி நின்ற டெமரேர் என்ற பெரிய கவசக் கப்பலை மீட்க உதவினார். அப்புறம் மராபூ கோட்டைக்கு மிக அருகே கப்பலைக் கொண்டுபோய்ச் சுட்டார். அட்மிரல் சீமோர் கொடி சைகையிலேயே பாராட்டு அனுப்பினார்.

ஒரு கட்டுரை இதையெல்லாம் அழகாகச் சொல்லிவிட்டு, "இதே வீரக்கப்பல் 1901இல் வான்கூவர் தீவருகே புயலில் மூழ்கியது" என்று முடிந்திருந்தது. மூழ்கியது வேறு காண்டர். அது 1898இல் வெள்ளோட்டம் கண்ட, அதாவது முதன்முதலாக நீரில் இறக்கப்பட்ட, ஸ்லூப் என்ற வகைச் சிறிய போர்க்கப்பல். 1901 டிசம்பரில் அந்தத் தீவின் எஸ்குவைமால்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது, ஒருவர்கூடத் திரும்பவில்லை. அலெக்சாந்திரியாவில் சுட்ட காண்டர் 1889லேயே விற்கப்பட்டுவிட்டது.

இதைச் சின்னத் தவறு என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. தாத்தாவின் எகிப்துப் பதக்கத்தை வைத்துக்கொண்டு தேடும் ஒரு குடும்பம் இதைப் படித்தால், அவர் கடலில் மூழ்கி இறந்தார் என்றே நம்பிவிடும். கப்பலோடு போனவர்களின் குடும்பத்துக்கோ அவர்களுடைய சாவு வேறொரு கப்பலின் கதைக்கு வாலாகத் தெரியும். இரண்டு பக்கமும் அநியாயம்.

இன்னும் மோசமான ஜோடி வாஸ்ப். கன்வெசலைவிடச் சிறிய கன்போட் வகை. முதல் வாஸ்ப் 1884 செப்டம்பரில் அயர்லாந்தின் டோரி தீவில் மோதி உடைந்தது. அடுத்த வாஸ்ப் 1887 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து ஷாங்காய்க்குப் புறப்பட்டுக் காணாமலே போனது. இரண்டுக்கும் இடையே மூன்றே ஆண்டுகள். இங்கே பெயரும் உதவாது, "தொலைந்தது" என்ற குறிப்பும் உதவாது.

அதனால் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் வெள்ளோட்ட ஆண்டை எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கப்பல் தலைவரின் பெயரை அந்த ஆண்டின் நேவி லிஸ்டில், அதாவது கடற்படை அதிகாரிகளின் அச்சுப் பட்டியலில், சரிபாருங்கள். பீரங்கியும் காட்டிக்கொடுக்கும். பெரஸ்ஃபோர்டின் காண்டரில் இருந்தவை 7 அங்குலப் பீரங்கி ஒன்றும் 64 பவுண்டர் (64 பவுண்டு குண்டு சுடும் பீரங்கி) இரண்டும்தான். வேறு எண்ணிக்கை வந்தால் அங்கேயே நில்லுங்கள்.

வெள்ளோட்டத்திலிருந்து பணியைக் கணக்கிடுவது

கூடாது. தலைவரும் மாலுமிகளும் ஏறிக் கொடி ஏற்றிய நாளே தொடக்கம்.

ஒரு நாள் சண்டையை முழு வரலாறாக்குவது

காண்டரைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பகுதி அந்த ஒரே ஜூலை நாள்தான். மற்ற நாட்களில் அது என்ன செய்தது? நிலக்கரி ஏற்றியது, தண்ணீர் பிடித்தது, பெரிய கப்பல் நுழைய முடியாத துறைகளுக்குப் போய் நின்றது. கன்வெசல் கட்டியதே அதற்காகத்தான். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஏடிஎம் 53 என்ற வரிசையில், கடற்படைக் கப்பல்களின் லாக் புத்தகங்கள் இருக்கின்றன. காற்று, வானிலை, நண்பகலில் கப்பல் இருந்த இடம் எல்லாம் நாள்வாரியாக அதில் கிடைக்கும். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பத்திரிகைச் செய்தியும் அதிகாரியின் நினைவுக் குறிப்பும் முரண்படும்போது நான் நம்புவது லாகைத்தான்.

மாலுமிகள் ஊர் திரும்பினால் கப்பலும் திரும்பியது என்று எண்ணுவது

மால்டாவிலோ ஹாங்காங்கிலோ கப்பல் நிற்கும். புது ஆட்கள் வேறு கப்பலில் வந்து இறங்குவார்கள், பழைய ஆட்கள் ஊருக்குப் போவார்கள்.

நிலையத்தின் எல்லையைப் பார்க்காமல் எழுதுவது

நிலையம் என்றால் ஒரு கப்பல் படைப்பிரிவின் பொறுப்பில் இருந்த கடற்பகுதி. கிழக்கிந்திய நிலையம் என்றதும் இந்தோனேசியத் தீவுகளை வரைபடத்தில் குறித்திருந்தார் ஒருவர். அந்த நிலையத்தின் முக்கியத் தளங்களில் ஒன்று நம் திருகோணமலை. அங்கிருந்த கப்பல்களின் வேலை பாரசீக வளைகுடா, சான்சிபார் வரை போகும். அடிமை வணிகப் படகுகளை மறிப்பது அதில் பெரும்பங்கு. சிங்கப்பூரும் ஹாங்காங்கும் சீன நிலையத்தைச் சேர்ந்தவை. நிலையங்களின் எல்லை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. எழுதும் ஆண்டில் எல்லை எங்கே இருந்தது என்று பார்த்துவிட்டு வரைபடத்தைத் தொடுங்கள்.