செற்றிங்ஸில் எழுதிய பாதை எங்கே பிழைக்கிறது?

யாழ்ப்பாணத்தில் பனங்கட்டி, ஒடியல் விற்கும் கடைக்கு ஜாங்கோவில் (பைதன் மொழியில் இணையத்தளம் செய்ய உதவும் கட்டமைப்பு) தளம் செய்கிறீர்கள் என்று வையுங்கள். வேலணைக்குச் சாமான் வீதியால் போகும். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் படகேற வேண்டும். கட்டணம் கணக்கிடக் கிளாஸ் இரண்டு. செற்றிங்ஸில் (தளத்தின் அமைப்புகள் இருக்கும் கோப்பு) அவற்றின் பாதைகள் 'கடை.தரை.தரைவழி', 'கடை.படகு.படகுவழி' என்று ஒரு பட்டியல்; ஒவ்வொன்றும் ஆப் (தளத்தின் ஒரு பகுதி), கோப்பு, கிளாஸ் என்ற வரிசை. (பைதன் 3 தமிழ்ப் பெயர்களைத் தாராளமாக ஏற்கும்.)

கிளாஸையே செற்றிங்ஸ் கோப்பில் இம்போட் பண்ணாதீர்கள். அது மொடலை (தரவுத்தள அட்டவணையைக் குறிக்கும் கிளாஸ்) இழுத்தால், ஆப்கள் இன்னும் ஏறாத நேரம் என்பதால் தளம் எழும்பவே எழும்பாது. பாதையை ஸ்ரிங்காக விடுங்கள், ஜாங்கோ 1.7 முதல் உள்ள 'இம்போட்_ஸ்ரிங்' அதைக் கிளாஸாக எடுத்துத் தரும். ஒப்ஜெக்ற்றை நீங்கள்தான் உருவாக்க வேண்டும்.

அடுத்தது கொமா. இரண்டு பாதைகளுக்கு நடுவே அது விடுபட்டால் பைதன் இரண்டையும் ஒட்டிவிடும். 'தரைவழிகடை' என்ற மொட்யூல் இல்லை என்று பிழைச்செய்தி வந்தால் காரணம் இதுதான். ஒரே பாதையை டியூப்பிளாக (பிறை அடைப்புக்குள் எழுதும் பட்டியல்) எழுதிக் கடைசிக் கொமாவை விட்டால் அது வெறும் ஸ்ரிங். லூப் எழுத்தெழுத்தாக ஓடி, 'க' மொட்யூல் பாதைபோல் இல்லை என்று நிற்கும்.

இவை கத்தியாவது சொல்கின்றன. சத்தமில்லாமல் கெடுப்பது, இம்போட் பிழையைப் பிடித்து 'தரைவழி'யையே தந்துவிடும் கோட். படகுவழிக் கோப்பு கேட்கும் ஒரு லைப்ரரி சேர்வரில் நிறுவப்படாவிட்டாலும் அதே வகைப் பிழைதான் வரும். அதை விழுங்கினால் நெடுந்தீவுப் பொதிக்கு வேலணைக் கட்டணம் விழும், ஒருவருக்கும் தெரியாது. பிடித்தால், மூலப் பிழையையும் இணைத்து 'இம்ப்ரொப்பர்லி கொன்ஃபிகர்ட்' (அமைப்பு தவறு என்று சொல்லும் ஜாங்கோப் பிழை) எழுப்புங்கள்.

எப்போது ஏற்றுவது? கோப்பின் தலையிலேயே ஏற்றினால், ரெஸ்ற்றில் செற்றிங்ஸைத் தற்காலிகமாக மாற்றும் 'ஓவர்ரைட்_செற்றிங்ஸ்' போட்டாலும் பழைய கிளாஸ்தான் ஓடும். பங்ஷனுக்குள் ஏற்றி, விடையை நினைவில் வைக்கும் 'எல்ஆர்யூ_கேஷ்' வையுங்கள். ரெஸ்ற்றில் செற்றிங்ஸ் மாறியதைச் சொல்லும் 'செற்றிங்_சேஞ்ச்ட்' சிக்னல் வரும்போது கேஷை அழியுங்கள். கேஷில் இருக்கும் ஒப்ஜெக்ற் ஒரே நேரத்தில் ஓடும் எல்லாத் திரெட்டுகளுக்கும் பொது. ஓர் ஓடரின் எடையை அதன் 'செல்ஃப்'பில் வைத்தால் அடுத்தவரின் பில்லில் ஏறலாம்.

பிந்தி ஏற்றினால் பிழையும் பிந்தியே தெரியும், முதல் ஓடர் வரும்போது. அதனால் எல்லாப் பாதைகளையும் ஏற்றிப் பார்க்கும் ஒரு சிஸ்டம் செக் (ஜாங்கோ ஓட்டும் சோதனை) எழுதுங்கள். டபிள்யூஎஸ்ஜிஐ (சேர்வரையும் பைதன் தளத்தையும் இணைக்கும் முறை) வழியாக ஓடும் சேர்வர் செக்குகளைத் தானாக ஓட்டாது. புதிய கோட்டைச் சேர்வரில் ஏற்றும் டிப்ளோய் ஸ்கிரிப்ற்றில் 'மனேஜ்.பிவை செக்' வரியைச் சேர்வரை மீளத் தொடக்கும் வரிக்கு முன் போடுங்கள்.